மலைத் தோட்டத்துக்கு ஃபோர்-வீல் பிக்கப் வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

கேரட் நல்ல விலைக்குப் போன வருடம் நீலகிரியில் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: "தோட்டத்துக்கும் ஆச்சு, குடும்பத்தோட போக வரவும் ஆச்சு, ஒரு ஃபோர்-வீல் பிக்கப் எடுத்துடலாமா?" நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியைத்தான் ஃபோர்-வீல் என்கிறோம். ஆசையில் தப்பில்லை. ஆனால் இன்றைய விலையில் இது வீடு கட்டுவதற்குப் பக்கத்தில் நிற்கும் முடிவு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது என்பதுதான் என் முடிவு. ஒத்துவரும் ஆட்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கீழே வரும் வாடகை, வட்டி, மறுவிற்பனைத் தொகை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வகை வண்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிக்கப் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் சந்தையில் இருப்பது மூன்று வகை. முதலாவது, பொலேரோ பிக்கப் மாதிரி முன்னால் மட்டும் கேபின் உள்ள லோடு வண்டி. இரண்டாவது, பொலேரோ கேம்பர், டாடா யோதா மாதிரி இரண்டு வரிசை இருக்கையோடு வரும் வேலை வண்டி. இவற்றில் ஃபோர்-வீல் வகையும் வந்திருக்கிறது. மூன்றாவது, இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ். காரின் சொகுசும் காட்டுப்பாதைத் திறனும் சேர்ந்தவை. இவற்றில் ஃபோர்-வீல் என்றால் ஷோரூம் விலையே 20 லட்சத்துக்கு மேல்.

ஆசை மூன்றாவது வகையின் மேல் இருக்கும், தேவை முதல் வகையாக இருக்கும். இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தடம் மாறுகிறது.

படி 2: கையை விட்டுப் போகும் முழுத் தொகையை எழுதுங்கள்

விளம்பரத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சொந்த உபயோகக் காருக்கான ஆயுட்கால வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 25 லட்சம் ரூபாய் வண்டியை வெள்ளை போர்டில் (சொந்த உபயோகத்துக்கு) பதிந்தால் வரி மட்டும் 5 லட்சத்தை ஒட்டி வரும். இந்த 5 லட்சம் விற்கும்போது திரும்பக் கிடைக்கும் பணம் இல்லை.

10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் இதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பச்சைத் தேயிலை விற்பவரும் காய்கறி விவசாயியும் வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்று கணக்கே தாக்கல் செய்யாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுவதுண்டு. விடாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் தேதியைப் பாருங்கள்.

படி 3: வண்டி சும்மா நிற்கும்போது ஆகும் செலவு

இந்தப் படியை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். டீசல் செலவு எல்லோருக்கும் தெரியும். ஷெட்டில் நிற்கும்போதே வண்டி தின்னும் பணத்தைத்தான் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

வரியோடு சேர்த்து 30 லட்சம் ஆகும் மூன்றாம் வகை வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்பணம் 8 லட்சம், கடன் 22 லட்சம், வட்டி 9.5 சதவீதம், 7 வருடம். இந்த வட்டியில் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 1,634 ரூபாய். ஆக மாதம் ஏறக்குறைய 36,000. 7 வருடத்தில் வட்டியாக மட்டும் 8.2 லட்சம் போகும், வருடத்துக்கு 1.17 லட்சம்.

7 வருடம் கழித்து வண்டி 14 லட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். தேய்ந்தது 16 லட்சம், வருடத்துக்கு 2.29 லட்சம். இன்சூரன்ஸ் சராசரியாக 70,000. முன்பணமாகக் கொடுத்த 8 லட்சத்தை 6.5 சதவீத வைப்புத்தொகையில் போட்டிருந்தால் 52,000 வந்திருக்கும், அதுவும் இழப்புதான். எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 4.68 லட்சம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,280 ரூபாய். மழை பெய்தாலும், விளைச்சல் இல்லாவிட்டாலும், வண்டி நகராவிட்டாலும் இந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

தோட்டத்து வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வருவதில்லை. மண்டியில் கேரட் விலை ஒரே மாதத்தில் பாதியாவதைப் பார்த்தவர்கள்தான் நாம். தவணை மட்டும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வரும். ஆகவே போன மூன்று வருடத்தில் வருமானம் மிகக் குறைந்த மாதத்தை நோட்டில் எழுதி, அதற்குப் பக்கத்தில் 36,000 என்று எழுதிப் பாருங்கள்.

படி 4: ஓடும் செலவு

மலை ஏற்ற இறக்கத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 95 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 9.50. டயர், பிரேக், கிளட்ச், சர்வீஸுக்கு 5 ரூபாய் சேருங்கள். மொத்தம் 14.50. கோத்தகிரி, குன்னூர் இறக்கங்களில் இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருபவருக்கு இந்த 5 ரூபாய் போதாது.

பி.எஸ்.6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி என்றால் இன்னொன்று. புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் கரி சேரும். வண்டி ஓரளவு வேகத்தில் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடினால்தான் அது தானாக எரிந்து சுத்தமாகும். தினமும் வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து வீடு என்று முதல் கியரில் மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது சீக்கிரம் அடைக்கும். எப்போதாவது மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளியில் ஓட்டிவிட்டு வருவது இந்த வண்டிகளுக்கு நல்லது.

படி 5: எத்தனை மூட்டை ஏறும்?

இதைக் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். வி-கிராஸ், ஹைலக்ஸ் வகை வண்டிகளில் ஐந்து பேர் உட்கார்ந்த பிறகு அனுமதிக்கப்பட்ட சுமை அரை டன்னுக்கும் கீழ்தான். 50 கிலோ மூட்டை என்றால் பத்துகூட ஏறாது. பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று வகை இருக்கிறது, 1.3 டன் வண்டியிலேயே 26 மூட்டை. ஆர்.சி.யில் எழுதியதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

இப்போது வாடகையோடு ஒப்பிடுவோம். நஞ்சநாட்டிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வர சுமார் 120 கிலோமீட்டர். வாடகை பிக்கப் 3,500 ரூபாய் என்று வைத்தால், உங்கள் வண்டியில் ஓடும் செலவு 1,740. ஒரு ட்ரிப்புக்கு மிச்சம் 1,760. வருடத்துக்கு 4.68 லட்சம் ஈடாக வேண்டுமென்றால் 266 ட்ரிப் அடிக்க வேண்டும். அதுவும் வாடகை வண்டி ஏற்றும் 26 மூட்டையை உங்கள் வண்டியும் ஏற்றும் என்று வைத்தால்தான் இந்தக் கணக்கு. உண்மையில் ஏற்றுவது அதில் பாதிகூட இல்லை. லோடு அடித்துக் காசு தேறும் என்ற பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

இதே கணக்கை 11 லட்சம் ரூபாய் லோடு பிக்கப்புக்குப் போட்டுப் பாருங்கள். தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். வருடத்துக்கு நூறு லோடு சொச்சம், அதாவது வாரத்துக்கு இரண்டு இருந்தால் போதும். திரும்பி வரும்போது உரமோ பலசரக்கோ ஏற்றி வந்தால் இன்னும் சீக்கிரம் ஈடாகும். உங்கள் மூட்டையோடு பக்கத்துத் தோட்டத்து மூட்டையும் சேர்கிறதா என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

படி 6: ஃபோர்-வீல் வேண்டிய நாட்களை எண்ணுங்கள்

வீட்டு நாட்காட்டியில் ஒரு வருடம் குறித்து வாருங்கள். சாதாரண வண்டி ஏற முடியாமல் நின்ற நாளுக்கு மட்டும் ஒரு வட்டம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வட்டம் கூடும். குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மண் சரிந்து சாலையே அடைபட்ட நாளைச் சேர்க்காதீர்கள். அன்று எந்த வண்டியும் போகாது.

பெரும்பாலான தோட்டங்களில் கஷ்டமான பாதை கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு ஜீப் வாடகை ஒரு நாளைக்கு 1,200 என்றால் முப்பது நாளுக்கு 36,000. பாதையைப் பகிர்ந்துகொள்ளும் நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து, மோசமான மேட்டில் மட்டும் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த வாடகையும் குறையும். வண்டிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியைப் பாதைக்குப் போடலாம் என்பதை ஏனோ நாம் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

ஃபோர்-வீல் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிக்கப்பில் பின்பக்கம் காலியாக இருந்தால் பின்சக்கரத்தில் எடை இருக்காது, ஈர மண்ணில் சுற்றிக்கொண்டே நிற்கும். அதே வண்டியில் பத்து மூட்டை ஏற்றினால் டூ-வீல் டிரைவிலேயே பல மேடுகள் ஏறும். தேய்ந்த டயரோடு ஃபோர்-வீல் போட்டாலும் செஞ்சகதியில் வழுக்கத்தான் செய்யும். இந்த வண்டிகளில் 2எச் (பின்சக்கரம் மட்டும் இழுப்பது), 4எச் (நான்கு சக்கரமும், சாதாரண வேகத்துக்கு), 4எல் (நான்கு சக்கரமும், மெதுவான வேகத்தில் அதிக இழுவைக்கு) என்று மூன்று நிலை இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டினால் உள்ளே பற்சக்கரங்கள் இறுகிக் கெடும். செங்குத்தான மண் இறக்கத்துக்கு 4எல் அருமையான துணை.

வட்டம் நூறைத் தாண்டி, ஆளும் சுமையும் சேர்ந்து ஏற வேண்டும் என்றால் இரண்டாம் வகையில் ஃபோர்-வீல் வண்டியைப் பாருங்கள். சொகுசு குறைவு, விலையும் குறைவு.

படி 7: யாருக்கு மூன்றாம் வகை பொருந்தும்?

எப்படியும் 22, 23 லட்சத்துக்கு ஒரு பெரிய எஸ்.யு.வி. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அப்போது முழு விலையை எழுதாமல் இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். எஸ்டேட்டுக்குள் தங்கும் விடுதி நடத்தி விருந்தினரையும் சாமானையும் மேலே ஏற்றுபவர், உள்பாதைகளில் தினமும் சுற்றும் ஒப்பந்ததாரர் இவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் நீளம் 5.3 மீட்டர். எஸ்டேட் பாதையின் வளைவுகளில் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். குன்னூர் மார்க்கெட்டில் நிறுத்த இடம் தேடுவது தனி வேலை.

படி 8: போர்டும் காகிதமும்

மஞ்சள் போர்டு (வணிக உபயோகப் பதிவு) என்றால் புது வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 வருடம், எட்டாம் வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு லோடு ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

படி 9: பழைய வண்டி என்றால்

டி.என்.-43 (நீலகிரி பதிவு) ஜீப், பழைய கேம்பர் எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தால் கீழே படுத்துப் பாருங்கள். எரு, உரம் ஏற்றிய வண்டியில் பின்தொட்டிக்கு அடியில் சேஸிஸ் பக்கம் துரு உரிந்து அடுக்கடுக்காக வரும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தெரிந்துவிடும். கமான் பட்டைகளில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈர மண்ணில் நிறுத்தி 4எல் போடச் சொல்லுங்கள். முன்சக்கரமும் இழுக்கிறதா, உள்ளே "டக் டக்" என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

படி 10: ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடிப்பது போதாது. "தம்பி, வண்டியை எங்க தோட்டத்து வழிக்குக் கொண்டு வாங்க, அங்கதான் ஓட்டிப் பார்ப்பேன்" என்று கேளுங்கள். மழை பெய்த மறுநாளாக இருந்தால் நல்லது. காலியாக ஒருமுறை, நாலு மூட்டை ஏற்றி ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பின் இருக்கையில் உட்காரவைத்து முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் விசாரியுங்கள். ஒவ்வொரு தடவையும் கோவை இறங்க வேண்டியிருந்தால் ஊட்டியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் சுமார் 85 கிலோமீட்டர், ஒரு நாள் வேலையும் போகும். டிசம்பரில் தள்ளுபடி சொன்னால் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டிசம்பரில் வாங்கினாலும் மறுவிற்பனையில் தயாரிப்பு வருடத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள்.