ஆர்ஜினின் ஊட்டிய டிஎல்சி தட்டு: எங்கே சறுக்குகிறோம்?

இபுப்ரோஃபென் மாத்திரையில் பொதுவாக இருப்பது இரண்டு இனன்சியோமர்களின் சரிபாதிக் கலவை. வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றதன் ஆடிப் பிம்பம். வலியைத் தணிப்பது முக்கியமாக எஸ் வடிவம்தான். டிஎல்சியில், அதாவது தட்டின் மேல் கரைப்பான் ஏறும்போது பொருள்களைப் பிரிக்கும் மென்படல நிறப்பிரிகையில், சாதாரண சிலிக்கா தட்டு என்றால் இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறி ஒரே புள்ளியாக நின்றுவிடும். அதனால்தான் கைரல் பொருள் ஒன்றை, அதாவது தானும் ஒரு கை வடிவம் கொண்ட பொருளை, தட்டிலேயே ஊட்டுகிறோம். ரூர்க்கியில் ரவி பூஷண் குழுவினர் 1996இல் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஊட்டிய தட்டில் அசிட்டோநைட்ரைல், மெத்தனால், தண்ணீர் மூன்றையும் 5:1:1 விகிதத்தில் ஓட்டி இபுப்ரோஃபெனைப் பிரித்துக் காட்டினார்கள். கைரல் எச்பிஎல்சிக்கு (உயர்திறன் திரவ நிறப்பிரிகைக்கு) வசதியில்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு இது பெரிய வரம். ஆனால் செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியும் ஒரே புள்ளிதான் வருகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் கோளாறு பிஎச்சில் இருக்கும். ஆர்ஜினினை எடை போட்டுத் தண்ணீரில் கரைத்து, அப்படியே சிலிக்கா ஜெல்லில் ஊற்றிக் கூழாக்குவதுதான் முதல் தவறு. அந்தக் கரைசல் நல்ல காரத்தன்மை கொண்டது. ஆர்ஜினினின் சமமின் புள்ளி சுமார் 10.8, அதை ஒட்டிய பிஎச்சில் மூலக்கூறின் நிகர மின்னூட்டம் பூஜ்ஜியத்துக்கு அருகில்தான் இருக்கும். நமக்கு வேண்டியது நேர் மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினின், எதிர் மின்னூட்டம் கொண்ட இபுப்ரோஃபென். இரண்டும் அயனி இணையாகச் சேர்ந்தால்தான் கை வித்தியாசம் வெளிப்படும். அதற்காகத்தான் சில துளி அசிட்டிக் அமிலம். அதற்காக அமிலத்தை அள்ளி ஊற்றினால் இபுப்ரோஃபெனின் கார்பாக்சில் தொகுதி அயனியாகாமல் நின்றுவிடும், இணையும் உருவாகாது. எனவே துளித் துளியாக விட்டு, மீட்டரில் பார்த்துக்கொண்டே போங்கள். புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களுக்குக் கணக்கு தலைகீழ். அவை அமீன்கள். எல்-அஸ்பார்டிக் அமிலம் போன்ற அமிலத் துணையை எடுத்து, அதன் சமமின் புள்ளியான 2.8க்கு மேலே பிஎச்சை வைக்க வேண்டும்.

அப்புறம் அடுப்பு. வெறும் சிலிக்கா தட்டை 110 டிகிரியில் வைத்துப் பழகிய கை, ஊட்டிய தட்டையும் அதே சூட்டில் வைத்துவிடும். வேண்டாம். 60 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள், போதும்.

புள்ளியைப் பார்ப்பதில் நடக்கும் தவறை நானே செய்திருக்கிறேன். அமினோ அமிலச் சோதனைகளில் நின்ஹைட்ரின் தெளித்தே பழக்கம். ஆர்ஜினின் தட்டிலும் தெளித்துச் சூடாக்கினேன். அடி முதல் நுனி வரை தட்டு முழுக்க ஊதாவாகிவிட்டது, புள்ளி எங்கே என்றே தெரியவில்லை. தட்டு முழுக்க இருப்பதே அமினோ அமிலம் என்பதை யோசிக்கவில்லை. இபுப்ரோஃபெனுக்கு அயோடின் ஆவி போதும். மூடிய ஜாடியில் சில படிகங்களைப் போட்டுத் தட்டை உள்ளே வைத்தால், பழுப்புப் புள்ளிகள் மெல்ல எழும். உடனே பென்சிலால் வட்டமிடுங்கள், வெளியே எடுத்ததும் மங்கத் தொடங்கும்.

அதே நின்ஹைட்ரின் வேறொரு வேலைக்கு அருமையாக உதவும். மருந்து எதுவும் வைக்காத ஓர் ஊட்டிய தட்டைக் கரைப்பானில் ஓட்டி, காயவைத்து, நின்ஹைட்ரின் தெளியுங்கள். ஊதா மேலும் கீழும் சீராக இருந்தால் ஆர்ஜினின் இடத்தில் இருக்கிறது. அடியில் வெளிறி, கரைப்பான் முகப்பில் அடர்ந்த பட்டையாக நின்றால், அதைக் கரைப்பான் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பொருள். ஆர்ஜினின் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆகவே தண்ணீர்ப் பங்கைக் கூட்டும்போதெல்லாம் இதைச் செய்து பாருங்கள்.

வெப்பநிலையையும் அலட்சியம் செய்யாதீர்கள். சில டிகிரி மாறினாலே பிரிந்த புள்ளிகள் ஒன்று சேர்ந்துவிடலாம். காலையில் வந்த முடிவு மதியம் வரவில்லை என்றால் ஜாடியை இன்குபேட்டருக்குள் வைத்து ஓட்டுங்கள். மாதிரியையும் குறைவாக வையுங்கள். தடித்த புள்ளிக்கு வால் நீளும், நெருக்கமான இரண்டு புள்ளிகள் அதற்குள் மறைந்துபோகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசித் தவறு. இரண்டு புள்ளிகள் தெரிந்ததும் பிரிந்துவிட்டது என்று நோட்டில் எழுதிவிடுவது. அது மாசாக இருக்கலாம், சிதைந்த பொருளாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே தூய எஸ்-இபுப்ரோஃபெனை வைத்து ஓட்டுங்கள். இரண்டில் ஒன்றோடு அது சமமாக நிற்க வேண்டும். ஆர்ஜினின் ஊட்டாத தட்டில் அதே மாதிரி ஒரே புள்ளியாக வர வேண்டும். இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு: டிஎல்-ஆர்ஜினின் ஊட்டிய தட்டு. ஊட்டிய பொருளே சரிபாதிக் கலவை என்பதால் அங்கே இனன்சியோமர்கள் பிரியவே கூடாது. அங்கும் இரண்டு புள்ளிகள் வந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு ஏதோ. எல்-ஆர்ஜினினின் ஆடிப் பிம்பமான டி-ஆர்ஜினின் ஊட்டினால் வரிசை மாற வேண்டும், மேலே நின்றது கீழே வரும். சரி, இவை எல்லாம் பொருந்தினால், பல தட்டுகளிலிருந்து புள்ளிகளைத் தனித்தனியே சுரண்டி, எத்தனாலில் கரைத்து வடித்து, ஒளிசுழற்சிமானியில் பாருங்கள். ஒன்று முனைவாக்கிய ஒளியை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சுழற்ற வேண்டும். ஆர்ஜினினும் ஒளியைச் சுழற்றும், அதனால் தட்டில் புள்ளியில்லாத இடத்தையும் அதே பரப்புக்குச் சுரண்டி, அதே எத்தனாலில் வடித்து ஒப்பிட மறக்காதீர்கள்.

ஆர்ஜினினுக்குப் பதில் புருசின் ஊட்டியிருந்தால், சுரண்டும் முன் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அது எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னினோடு சேர்ந்தே இருக்கும் நஞ்சு, உலர்ந்த சிலிக்காத் தூளோடு மூக்குக்குள் போய்விடும்.