1899-இன் மின்சாரச் சாதனைக் கார்: பத்தில் ஒரு பங்கில் ஓடும் மாதிரி

லா ஜமே கோந்தாந்த் என்பது ஒரு காரின் பெயர், பொருள் 'திருப்தியே அடையாதவள்'. 1899-இல் பாரிஸை அடுத்த அஷேரில் பெல்ஜியக்காரர் கமீல் ஜெனாட்சி இதில் ஒரு கிலோமீட்டரை 34 விநாடியில் கடந்தார். மணிக்கு 105.88 கி.மீ. சாலையில் நூறைத் தாண்டிய முதல் கார் ஓடியது பேட்டரியில்.

பத்தில் ஒரு பங்கு என்ற அளவைத் தேர்ந்தெடுக்கச் சக்கரம்தான் காரணம். அசலில் 65 செ.மீ. விட்டம், ரோபோ கிட்களில் வரும் மஞ்சள் ரிம் சக்கரம் சரியாக 65 மி.மீ. வண்டியின் நீளம் 3.80 மீட்டர், நமக்கு 38 செ.மீ.

அசலில் செயின் கிடையாது, கியரும் கிடையாது. பின்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு மோட்டார், நேரடி இணைப்பு. சாதனை வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 865 சுற்று. மாதிரியில் சக்கரமும் வேகமும் ஒருசேரப் பத்தில் ஒன்றாகக் குறைவதால் சுற்று அதேதான். எனவே 12 வோல்ட், 1000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1000 சுற்று) என்20 மோட்டார் இரண்டு வாங்குங்கள். என்20 என்பது ஒரு குட்டி மோட்டார் ரகம் (உள்ளே குட்டி கியர் இருக்கும், பரவாயில்லை). கிட்டோடு வரும் மஞ்சள் மோட்டார் 200-ஐ ஒட்டித்தான் சுற்றும், உதவாது. என்20 தண்டு 3 மி.மீ., மஞ்சள் சக்கரத்தின் துளை அதைவிடப் பெரியது. இடையில் புஷ் (இடைவெளியை நிரப்பும் சிறு குழாய்) போடாமல் பசையால் ஒட்டினால் சக்கரம் ஆடும்.

மின்சாரத்துக்கு 18650 எனப்படும் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் செல் மூன்று, தொடரில், ஒரு 2 ஆம்ப் ஃப்யூஸோடு. முழு சார்ஜில் 12.6 வோல்ட். செல்களை வெளியே எடுத்துத் தனித்தனியாகத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

வயரிங்கில்தான் பலர் சறுக்குவார்கள். மோட்டார்கள் எதிரெதிராகப் பார்த்து அமர்வதால், ஒரே மாதிரி இணைத்தால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். முதலில் ஒவ்வொரு மோட்டாரையும் தனியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்து, சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது பிளஸ் எந்த முனையில் இருக்கிறதோ அதில் சிவப்பு மார்க்கரால் புள்ளி வையுங்கள். பிறகு ஆறு கால் டிபிடிடி சுவிட்ச் (இரண்டு இணைப்புகளை ஒருசேர மேலோ கீழோ மாற்றிவிடும் சுவிட்ச்). நடுக்கால் இரண்டில் ஒன்றுக்கு இடது மோட்டாரின் மைனஸ், மற்றதற்கு வலது மோட்டாரின் பிளஸ். மேல்கால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கவும். கீழ்க்கால்களில், இடது மைனஸுக்கு நேரே உள்ளதில் பேட்டரி மைனஸ், வலது பிளஸுக்கு நேரே உள்ளதில் பேட்டரி பிளஸ். மீதமுள்ள இடது பிளஸும் வலது மைனஸும் நேரே பேட்டரிக்கு. பேட்டரி பிளஸில் தனியாக ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச்.

மேல்கால்கள் சேரும் நிலையில் மோட்டார்கள் தொடரில், அரை வேகம். மேசையில் சோதிக்க அது போதும். அப்போது ஒரு சக்கரத்தைப் பிடித்தால் மற்றது விறுவிறுவென்று ஓடும். அது பழுதல்ல, பிடித்த மோட்டார் இழக்கும் வோல்டேஜை மற்றது வாங்கிக்கொள்கிறது. ஓட்டத்துக்கு மறு நிலை, இணை இணைப்பு.

உடலுக்குத் தெர்மகோலை டார்பிடோ வடிவில் செதுக்கி, மேலே செய்தித்தாள் கீற்றை ஃபெவிகாலில் இரண்டு சுற்று ஒட்டிக் காயவிடுங்கள். அதன்மேல் ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அலுமினிய டேப். அசலின் தகடும் அலுமினியக் கலவைதான். காகிதம் மூடாத தெர்மகோலில் ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரைந்துவிடும். சக்கரத்தையும் சட்டத்தையும் உடலுக்குள் மறைத்து அழகுபார்க்காதீர்கள். இந்த வண்டியின் அடையாளமே அந்த முரண்தான். காற்றைக் கிழிக்கும் உடல், கீழே வெட்டவெளியில் சட்டமும் அச்சும், மேலே இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்.

மொத்த எடை அரைக் கிலோவைத் தாண்டினால் என்20 திணறும்.

ரிமோட் வேண்டாம். வண்டி நேராக ஓட, அதன் அடியில் முன்னும் பின்னும் ஒரு வளையத் திருகு பொருத்தி, இழுத்துக் கட்டிய தூண்டில் நைலானை அவற்றின் வழியே விடுங்கள். நைலான் தொய்ந்தால் முன்சக்கரத்தில் மாட்டும்.

வேகமெடுக்க 8 மீட்டர், அளக்க 10 மீட்டர், கடைசியில் ஒரு தலையணை. 10 மீட்டரை 3.4 விநாடியில் கடந்தால் ஜெனாட்சியின் கணக்கு. ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள், விரல் தாமதமே ஒரு விநாடியில் கால் பங்கு வரும். செல்பேசியை விநாடிக்கு 60 ஃப்ரேமில் வைத்துப் படமெடுத்து எண்ணுங்கள்: 204 ஃப்ரேம். மொட்டை மாடி என்றால் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். மழைநீர் வடிய விட்ட சாய்வு ஒரு பக்கம் இனாமாக வேகம் கொடுக்கும்.