மோதிர வைரம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கடைக்குள் காலை வைக்கும் முன் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து மோதிரத்தின் தங்கம், செய்கூலி, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் வைரத்துக்கு. நிச்சயதார்த்த மோதிரம் என்றால் இரண்டு மாதச் சம்பளம் என்று ஒரு கணக்கு உலவுகிறதே, அது 1980-களில் டி பியர்ஸ் நிறுவனம் விளம்பரம் செய்து பரப்பியது. விற்கிறவர் போட்ட கணக்கு அது, வாங்குகிறவர் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, காரட். தங்கத்தில் காரட் என்றால் தூய்மை, வைரத்தில் காரட் என்றால் எடை. இந்தக் குழப்பத்திலேயே பலர் சறுக்குகிறார்கள். 1 காரட் என்பது 0.2 கிராம். வைர வியாபாரிகள் தங்களுக்குள் காரட் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள், நீங்களும் மொத்த விலையை எடையால் வகுத்துப் பார்க்கப் பழகுங்கள். அந்தக் காரட் விலை எல்லா எடைக்கும் ஒன்றாக இருக்காது. கல் பெரிதாக ஆக அதுவும் ஏறும், அதனால் ஒரே தரத்தில் 2 காரட் கல் ஒன்றின் விலை 1 காரட் கற்கள் இரண்டின் விலையைவிட அதிகம். அதிலும் 0.5, 1, 1.5 என்று எல்லோரும் கேட்டு வாங்கும் எடைகளில் விலை ஒரு படி தாவும். நமக்கு லாபம் அந்தப் படிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது: 1 காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர், 0.9 காரட் கல்லுக்குச் சுமார் 6.2. விரலில் ஏறிய பிறகு அந்த வித்தியாசத்தை யார் ஸ்கேல் வைத்து அளக்கப்போகிறார்கள்?

சரி, எதில் கை வைத்தாலும் பட்டை தீட்டியதன் தரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வடிவம் வேறு, இது வேறு. மேலே விழும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி நம் கண்ணுக்கு வந்தால்தான் ஜொலிப்பு. கல் ரொம்ப ஆழமாக இருந்தாலும், ரொம்பத் தட்டையாக இருந்தாலும் வெளிச்சம் அடியிலோ பக்கவாட்டிலோ ஒழுகிவிடும், கல் செத்த மாதிரி தெரியும். ஆழமான கல்லில் இன்னொரு நஷ்டமும் உண்டு: எடை முழுக்க அடியில் போய் ஒளிந்துகொள்ளும், 1 காரட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 0.9 காரட் அளவுள்ள முகத்தை வாங்கி வருவீர்கள். ஜிஐஏ என்ற அமெரிக்க ஆய்வகம் வைரங்களைச் சோதித்துத் தர அறிக்கை கொடுக்கிறது, வட்ட வைரத்துக்கு 2006 முதல் அந்த அறிக்கையிலேயே பட்டைக்கும் தரம் போடுகிறார்கள். 'எக்ஸலன்ட்' தவிர வேறு பார்க்காதீர்கள் என்பேன். அதற்குள்ளும் கல்லின் குறுக்களவில் ஆழம் 60 முதல் 62.5 சதவீதம், உச்சியில் தட்டையாக இருக்கும் பட்டையின் அகலம் 54 முதல் 58 சதவீதம் என்று இருந்தால் நல்லது. முட்டை வடிவம், சதுரம் போன்றவற்றில் பெரும்பாலும் கண்ணைத்தான் நம்ப வேண்டும். முட்டை வடிவக் கல்லை லேசாக ஆட்டிப் பாருங்கள், நடுவில் குறுக்காகக் கறுப்பு நிழல் அசையாமல் நின்றால் அந்தக் கல் வேண்டாம்.

இன்னொன்று, கடை விளக்குக்கு அடியில் கண்ணாடித் துண்டுகூட மின்னும். கல்லை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், அப்புறம் மேசைக்குக் கீழே நிழலில் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருக்கிற கல்தான் நல்ல கல்.

காசு மிச்சம் பிடிக்கும் இடம் நிறமும் தெளிவும். நிறத்துக்கு டி-யில் தொடங்கி இசட் வரை எழுத்து கொடுப்பார்கள், டி என்றால் நிறமே இல்லை. ஆனால் மோதிரத்தில் பதித்து மேலிருந்து பார்க்கும்போது ஜி, ஹெச் எல்லாம் வெள்ளையாகவே தெரியும். மோதிரம் மஞ்சள் தங்கம் என்றால் ஐ, ஜே வரை தாராளமாக இறங்கலாம், தங்கத்தின் சாயலே கல்லில் விழும்போது டி-க்குக் கொடுத்த பணம் வீண். தெளிவும், அதாவது கல்லுக்குள் புள்ளி, கீறல் எவ்வளவு குறைவு என்பதும், அப்படித்தான். அதற்குத் தரம் போடுவது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து, நீங்கள் பார்ப்பது வெறும் கண்ணால். மிகச் சிறிய குறைகள் மட்டும் உள்ள விஎஸ்2 தரம் போதும், கல்லை நேரில் பார்த்துப் பொறுக்க முடிந்தால் அதற்கு அடுத்த படியான எஸ்ஐ1-லும் நல்ல கல் கிடைக்கும். ஓரத்தில் இருக்கும் புள்ளி கல்லைப் பிடிக்கும் கொக்கிக்கு அடியில் மறைந்துவிடும். எமரால்டு எனப்படும் நீள்சதுர வடிவம் மட்டும் விதிவிலக்கு, அதன் அகலமான பட்டைகள் ஜன்னல் மாதிரி, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் கற்கள் பெரும்பாலும் கொஞ்சம் மலிவு. சிலவற்றில் மட்டும் பால் கலந்தது போல மங்கல் இருக்கும், வெயிலில் பார்த்தால் தெரிந்துவிடும். மங்கல் இல்லையென்றால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு.

இரண்டு கடை விலையை ஒப்பிடுகிறீர்களா? ஒரே ஆய்வகத்தின் அறிக்கை உள்ள கற்களை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லா ஆய்வகமும் ஒரே கண்டிப்போடு தரம் போடுவதில்லை, ஒருவர் ஹெச் என்ற கல்லை இன்னொருவர் எஃப் என்பார், அப்புறம் 'எஃப் கல் இவ்வளவு மலிவாக' என்று நாம் மயங்குவோம். 1931-இல் தொடங்கிய ஜிஐஏ வைரம் விற்பதில்லை, கண்டிப்பும் அதிகம், அதனால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதன் அறிக்கையில் விலை இருக்காது. கடைக்காரரே கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளில் கேட்ட விலையைவிடப் பெரிய தொகை எழுதியிருந்தால், அதைப் பார்த்துப் பூரிக்காதீர்கள். விரிசலில் கண்ணாடி நிரப்பியதா, லேசரால் துளையிட்டதா என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேண்டுமா, சுரங்க வைரம் வேண்டுமா என்பது உங்கள் இருவரின் முடிவு. இரண்டும் ஒரே கார்பன்தான், வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வக வைரத்தின் விலை சில ஆண்டுகளாகச் சரிந்து இப்போது சுரங்க வைரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான், அதனால் இரண்டு மாதம் முன்பு நண்பர் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள், அன்றைய விலையைப் பாருங்கள். 'முதலீடு' என்று யாராவது சொன்னால் அதே கல்லை அடுத்த வருடம் என்ன விலைக்குத் திரும்ப எடுப்பீர்கள் என்று கேளுங்கள், பேச்சு தானாகக் குறையும். சுரங்கக் கல்லே ஆனாலும் விற்கப் போனால் கொடுத்த விலை கிடைக்காது. வைரம் போலவே தெரியும் மொய்சனைட் வேறு பொருள். வெப்பத்தை மட்டும் சோதிக்கும் பேனாக் கருவி அதையும் வைரம் என்றே காட்டும், அந்தக் கருவியை வைத்து நிரூபிக்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

கல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அறிக்கை உள்ள பல கற்களின் இடுப்புப் பகுதியில், அதாவது கல்லின் அகலமான விளிம்பில், அறிக்கை எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு எடை, அளவுகள் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு மோதிரம் தயாராகி வந்ததும், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், லென்ஸைக் கேட்டு வாங்கி அதே எண்தானா என்று இன்னொரு முறை பாருங்கள். கொக்கி மறைத்தால் கல்லைப் பதிக்கும் முன்பே எண் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். கவுன்டரில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.