வேலூர் வெயிலில் பிணம் குளிராது: மர்ம நாவல் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர்ம நாவல் எழுதுகிறவரின் நாளில் பாதி, எழுதுவதில் போகாது, சரிபார்ப்பதில் போகும். பிணத்தை முதலில் பார்த்தது யார், அப்போது அங்கே வெளிச்சம் இருந்ததா, அந்த நேரத்துக்கு பஸ் உண்டா, ஸ்டேஷனில் யார் பணியில் இருந்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதை வேண்டாத வேலை என்று ஒதுக்குவதுதான் புதிதாக எழுத வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. குடும்பக் கதையில் ஒரு தேதி பிசகினால் வாசகர் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவார். மர்மக் கதையின் வாசகரோ கூடவே துப்பறிந்துகொண்டு வருகிறவர். நாம் அசட்டையாக விட்ட பிசகைத் துப்பு என்று எடுத்துவைத்துக்கொண்டு நூறு பக்கம் வருவார். கடைசியில் அது வெறும் பிழை என்று தெரிந்தால், அடுத்த நாவலை அவர் தொட மாட்டார்.

சாவு நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது’ என்று இன்ஸ்பெக்டர் சொல்வது குளிர்தேசத்துக் கதைகளிலிருந்து வந்த வசனம். உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் உடல் ஆறும். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஓடு வேய்ந்த, கதவு சாத்திய அறையில் பகல் முழுக்கக் கிடந்த உடல் எப்படிக் குளிரும்? விறைப்பும் அப்படித்தான். வெக்கையில் சீக்கிரம் தொடங்கி சீக்கிரம் தளர்ந்துவிடும். மார்கழிக் குளிரில் ஊட்டியில் நெடுநேரம் நிற்கும். உங்கள் கொலை எந்த ஊரில், எந்த மாதத்தில், ஃபேன் ஓடும் அறையிலா ஓடாத அறையிலா என்று முடிவு செய்யாமல் டாக்டர் பாத்திரத்தைப் பேச வைக்காதீர்கள். டாக்டரும் ‘10.20 மணிக்கு’ என்று சொல்ல மாட்டார். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று ஒரு இடைவெளியைத்தான் சொல்வார். அந்த இடைவெளி கதைக்கு நல்லது. மூன்று பேரைச் சந்தேகப்பட அது இடம் கொடுக்கிறது.

பிரேதப் பரிசோதனையை இரவு 11 மணிக்கு வைத்து, 12 மணிக்கு ‘விஷம்’ என்று ரிப்போர்ட் வாங்கிவிடுவதும் நிறைய நடக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று தளர்த்தியது உண்மைதான். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, அந்தத் தளர்வு கிடையாது. விஷமா என்பதை உறுதிசெய்ய உள்ளுறுப்புகள் தடய அறிவியல் கூடத்துக்குப் போக வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அந்தக் காத்திருப்பை எழுதுங்கள். சந்தேகத்துக்குள்ளான வீடு அத்தனை நாளும் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது என்பதில் கிடைக்கும் பதற்றம் எந்தத் துரத்தலிலும் கிடைக்காது.

அடுத்தது சட்டப் பிரிவுகள். கொலை என்றால் 302 என்று நம் வாயில் ஊறிப்போய்விட்டது. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; இந்தப் புதிய சட்டத்தில் கொலைக்கான தண்டனை 103-வது பிரிவு. அதற்காகப் பழைய கதைகளிலும் 103 போட்டுவிடக் கூடாது. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. 2019-ல் நடந்த கொலையை 2025-ல் கண்டுபிடித்தாலும் 302-தான்.

இதைவிடப் பெரிய பிசகு ஒப்புதல் வாக்குமூலம். ஸ்டேஷனில் குற்றவாளி உடைந்து அழுது எல்லாவற்றையும் சொல்ல, நாவல் சுபம் போட்டு முடிகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றத்தில் அதைக் கொடுத்தவருக்கு எதிராக வைக்க முடியாது. அவர் சொன்னதைக் கொண்டு கத்தியோ நகையோ கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். தமிழ்நாட்டு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நடந்ததைச் சொன்னதாக அடிக்கடி வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். வி.ஏ.ஓ. போலீஸ்காரர் இல்லை என்பதே அதற்குக் காரணம். ஒரு வி.ஏ.ஓ.வை மையமாக வைத்து முழு நாவலே எழுதலாம் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது.

குளோரோஃபார்ம் கைக்குட்டை ஐந்து வினாடியில் யாரையும் மயங்க வைக்காது. அதை விட்டுவிடலாம்.

தகவல் சரியாக இருந்தும் கணக்குப் புத்தகம் இல்லாமல் கெட்டுப்போகிறவர்கள் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்கு 1887-ல் வந்த முதல் கதையில் தோளில் குண்டுக் காயம். 1890-ல் வந்த இரண்டாவது கதையில் அது காலுக்குப் போய்விடுகிறது. ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலுக்கே இது நடந்திருக்கிறது. ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு நீள நோட்டு போடுங்கள். ஒரு பக்கம் கொலையாளி உண்மையில் செய்தது, மணி வாரியாக. எதிர்ப் பக்கம் மற்றவர்களுக்குத் தெரிந்தது. தினமும் எழுதி முடித்ததும் அன்றைய பகுதியில் யாருக்கு என்ன தெரியவந்தது என்று அதில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். நோட்டில் இல்லாத ஒருவரைக் கடைசி அத்தியாயத்தில் கொலையாளியாக்கும் ஆசை அப்போது வராது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. பேப்பரில் வந்த கொலையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். ஊர், தொழில், பிள்ளைகளின் வயது எல்லாம் அப்படியே இருந்தால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். செத்துப்போனவரின் மனைவிக்கு நீங்கள் கள்ளக்காதல் சேர்த்திருந்தால், அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்மை என்றே படிப்பார்கள். அந்தச் செய்தியிலிருந்து உங்களைத் தொந்தரவு செய்த ஒரே ஒரு விஷயத்தை, பூட்டாத கொல்லைக் கதவோ ஆறிப்போன காபியோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் வேறு ஊரில், வேறு மனிதர்களோடு முதலிலிருந்து கட்டுங்கள்.