ஏசி மெக்கானிக் குழுவை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது இப்படித்தான்

எங்கள் ஏசி மெக்கானிக் வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே "கூலிங் வரல, என்ன செய்ய?" என்று ஒற்றை வரிக் கேள்விகள். எத்தனை தடவைதான் ஒரே பதிலைச் சொல்வார்கள்?

டெலிகிராமுக்கு மாறினோம். அங்கே 2022 முதல் ஒரே குழுவுக்குள் தனித்தனித் தலைப்புகள் வைக்கலாம். வேலை விளம்பரங்களுக்குத் தனி இடம் கிடைத்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது.

கேள்வியோடு மாடல், கேஸ், சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்), ஆம்பியர், எரர் கோட் எல்லாம் வர வேண்டும் என்று விதி வைத்தோம். விவரம் இல்லாவிட்டாலும் நீக்குவதில்லை. "தம்பி, பிரஷர் கேஜ் போட்டோ போடுங்க" என்று யாராவது கேட்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையனை விரட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கண்டிப்பெல்லாம் உயிராபத்தான யோசனைகளிடம்தான். ஏசி குழாயில் லீக் பார்க்க ஆக்சிஜன் ஏற்றச் சொன்னார் ஒரு மூத்தவர். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன்தான் சரி, அதுவும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு. பதிவை உடனே எடுத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்: "அண்ணே, காரணம் இதுதான். நீங்களே குழுவில் சொல்லிடுங்க." வாய்ஸ் நோட்டில் நைட்ரஜன் முறையை அழகாக விளக்கினார். எழுத்தில் போடச் சொல்லி, அதைத் தலைப்பின் மேலே பின் செய்தேன்.

ஏசியில் குளிரூட்டும் கேஸ்களான ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை. அந்த கேஸ்களுக்கான தலைப்பில் வரும் பதில்களை இப்போது இரண்டு அட்மின்கள் படிக்கிறோம்.