காட்டுவழிப் பயணத்துக்குப் பவர் பேங்க் தெரிவு செய்வது எப்படி?

இந்தத் தலைப்பை இணையத்தில் தேடினால் வருவதில் பெரும்பகுதி, வட அமெரிக்க மலைகளுக்குள் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. பனி, உறைகுளிர், மான் கொம்பு என்று அது வேறு உலகம். இலங்கையில் நமக்கு வேட்டை இல்லை. தேசியப் பூங்காவுக்குள் துவக்கோடு போனால் கதை பொலிஸில்தான் முடியும். ஆனால் மின்சாரம் இல்லாத காடு நமக்கும் இருக்கிறது. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமணை, யால காடுகள் ஊடாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை இருக்கிறது. நக்கிள்ஸ் மலையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குகிறவர்கள், சிங்கராஜவில் அட்டைக்கடியோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து முதல்முறையாக அப்படிப் புறப்படுகிறவர்களுக்கு இந்தச் செய்முறை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து யாரும் பவர் பேங்க் வாங்கக்கூடாது. முதலில் உங்கள் தேவையைக் கணக்குப் போடுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

படி 1: உங்கள் போன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது?

இதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். ஒரு ஞாயிறு காலை போனை முழுதாகச் சார்ஜ் போட்டு, ஃப்ளைட் மோடில் வைத்து, ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யவிட்டு, வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை நடந்து போய்த் திரும்பி வாருங்கள். இடையிடையே படமும் எடுங்கள். மணிக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால், காட்டில் ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்பது ஓரளவு பிடிபடும்.

ஃப்ளைட் மோட் ஏன்? சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஜி.பி.எஸ். வேறு விஷயம். அது செய்மதியிலிருந்து வருவதைக் கேட்பது மட்டுமே, எதையும் அனுப்புவதில்லை. அதனால் டேட்டா இல்லாமலே வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. பேட்டரியில் போட்டிருக்கும் எம்.ஏ.எச். (மில்லி அம்பியர் மணி) என்ற அளவு குழப்பும் என்பதால், மொத்த மின்சக்தியைச் சொல்லும் 'வாட் மணி' என்ற அளவுக்கு மாறிக்கொள்வது நல்லது. இன்றைய போன்களில் பரவலாக இருக்கும் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி. நாளுக்கு 55 சதவீதம் செலவானால் சுமார் 11 வாட் மணி. ஐந்து நாள் பாதயாத்திரைக்கு 55. வீட்டிலிருந்து நிறைத்துக்கொண்டு போகும் 19-ஐக் கழித்தால் 36. தலையில் கட்டும் டோர்ச்சை ஒருமுறை நிறைக்க 5 சேருங்கள். ஆக 41 வாட் மணி வேண்டும்.

பாதயாத்திரை போகிறவர்கள் இதோடு இன்னொரு செலவையும் சேர்க்க வேண்டும். வழியில் நாவலடியிலோ வியாழையிலோ இரவு தங்கும்போது, "சாமி, வீட்டுக்கு ஒரு சேதி சொல்ல வேணும், கொஞ்சம் சார்ஜ் தருவீங்களா?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல மனம் வராது. 5 வாட் மணியை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

நக்கிள்ஸில் ஓர் இரவு என்றால் இந்தக் கணக்கெல்லாம் அதிகம். சின்னதாக ஒன்று போதும்.

படி 2: லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பவர் பேங்க் வாங்குவது உரிக்காத தேங்காய் வாங்குவது மாதிரி. வெளியில் தெரியும் பருமன் முழுவதும் பருப்பு அல்ல. 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்களின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணி. போனுக்குப் போகும்போது அந்த 3.7 வோல்ட், 5 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்தப்பட வேண்டும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் வெப்பமாகப் போகும், கேபிளில் கொஞ்சம் போகும், போன் தன் பேட்டரிக்குள் ஏற்றும்போதும் கொஞ்சம் போகும். கடைசியில் போனுக்குள் சேர்வது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 25 வாட் மணி அளவு. 5,000 எம்.ஏ.எச். போனை ஒருமுறை முழுதாகவும், மேலே கால் பங்குக்குச் சற்றுக் கூடவும் நிறைக்கலாம். 'பத்தாயிரம் என்றால் இரண்டு தடவை' என்ற கணக்கு ஒருபோதும் சரிவராது.

நேர்மையான நிறுவனம் என்றால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' (உண்மையில் வெளியே தரும் அளவு) என்று இன்னோர் எண்ணையும் போட்டிருக்கும். 10,000 என்று சொல்லும் பொருளில் அது 5 வோல்ட்டுக்கு 6,000 அளவில் இருந்தால் சரி. அந்த வரியே இல்லாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

நமக்கு வேண்டியது 41, தானத்துக்கு 5, ஆக 46 வாட் மணி. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் மணி. அதில் மூன்றில் இரண்டு பங்கு 49. மட்டுமட்டாகப் போதும்.

படி 3: பெரியது ஒன்றா, சிறியது இரண்டா?

என் தீர்ப்பு: 10,000 இரண்டு. ஒற்றை 20,000 விலையிலும் எடையிலும் கொஞ்சம் லாபம்தான். ஆனால் ஆற்றைக் கடக்கும்போது பை நனைந்தால், பாறையில் விழுந்து போர்ட் உடைந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். இரண்டாக இருந்தால் ஒன்றை நண்பரின் பையில் போடலாம். புறப்படுவதற்கு முந்தின இரவு இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைத்தும் விடலாம். 10,000 ஒன்று ஏறக்குறைய 200 முதல் 250 கிராம். நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவருக்கு ஒவ்வொரு கிராமும் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து போவதானால் எல்லோரும் ஒரே அளவில் வாங்காமல், கூட்டாகக் கணக்குப் போடுங்கள்.

படி 4: வேகமும் துளைகளும்

உள்ளே போவதும் வெளியே வருவதும் டைப்-சி ஆக இருக்கட்டும். பழைய மைக்ரோ யூஎஸ்பி மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். வெளியே 18 அல்லது 20 வாட் வந்தால் போதும். மடிக்கணினிக்கான 65 வாட்டைக் காட்டுக்குச் சுமந்து போக வேண்டியதில்லை.

உள்ளே ஏறும் வேகத்தைத்தான் புதியவர்கள் பார்ப்பதில்லை. வழியில் ஒரு தேநீர்க் கடையிலோ கோவில் மடத்திலோ ஒரு பிளக் கிடைக்கும், அதற்கும் வரிசை இருக்கும். 10 வாட்டில் ஏறும் 20,000 எம்.ஏ.எச். நிறைய ஒன்பது மணி நேரம் போகும். 'பவர் டெலிவரி' என்ற வேகச் சார்ஜ் வசதியோடு 18 வாட்டில் ஏறும் 10,000 மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். சுவரில் செருகும் சார்ஜரும் அந்த வேகத்தைத் தரக்கூடியதாக இருந்தால்தான் இது நடக்கும்.

ஸ்மார்ட் வாட்ச், இயர்பட் வைத்திருப்போர் 'லோ கரண்ட்' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். வயர்லெஸ் சார்ஜிங் வேண்டாம். வீட்டில் அழகு, காட்டில் விரயம்.

முதுகில் சூரியத் தகடு ஒட்டியது? அதுவும் வேண்டாம். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே ஒன்றிரண்டு வாட் தந்தால் பெரிது. 37 வாட் மணியை நிறைக்க நாட்கணக்கில் வெயில் காய வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் சிங்கராஜவில் மரக்கூரைக்குக் கீழே அதை யார் நம்புவது? போதாததற்கு, தகட்டுக்காக வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லும் சேர்ந்து சூடேறும்.

படி 5: கடையில்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா பக்கமும் பார்க்கலாம். விலையை இங்கே எழுதி வைப்பதில் பயனில்லை, டொலரோடு சேர்ந்து ஆடுகிறது. இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள்.

போலியைப் பிடிக்க எடைதான் சிறந்த வழி. நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவுக்கு 250 வாட் மணி அளவுதான் தாங்கும். அந்தக் கணக்கில் 20,000 எம்.ஏ.எச். என்றால் செல்கள் மட்டுமே ஏறக்குறைய 300 கிராம், உறையோடு 350 கிராம் வந்தாக வேண்டும். '50,000' என்று போட்ட ஒன்று கையில் 300 கிராம்தான் கனக்கிறது என்றால் அது பொய். அந்த அளவுக்குச் செல்களே 700 கிராமைத் தாண்டும். "நானா, பெட்டியத் திறந்து ஒருக்கா கையில பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். மறுத்தால் அடுத்த கடை. திகதி போட்ட பில்லையும் வொரண்டியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேர்போன பிராண்ட் என்றாலும் மாடல் எண்ணைக் கவனியுங்கள். 2025-ல் அங்கர், ரோமோஸ் இரண்டு நிறுவனங்களுமே தீப்பிடிக்கும் ஆபத்து என்று சில மாடல்களைத் திரும்பப் பெற்றன. பழைய இருப்பும் பாவித்ததும் மலிவாக வரும்போது, அந்த எண்ணை இணையத்தில் ஒருமுறை தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள், கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

படி 6: வீட்டில் சோதனை

இதைத் தவறவிடாதீர்கள். நிறைத்து, ஓர் இரவு சும்மா வைத்து, பிறகு போனைச் சார்ஜ் போடுங்கள். 10,000 எம்.ஏ.எச். உங்கள் 5,000 போனை ஒருமுறை நிறைப்பதற்குள் அணைந்தால், பில்லோடு கடைக்குத் திரும்புங்கள். தொட முடியாத சூடு வந்தாலும் அப்படியே. யூஎஸ்பி மீற்றர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். வாட் மணியை எண்ணாகவே காட்டும், கணக்குப் பிடித்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

படி 7: காட்டுக்குள்

நம் காட்டில் எதிரி குளிரைவிட ஈரம். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்த வகை கனமும் விலையும் கூட. சாதாரணப் பவர் பேங்கை ஸிப் பையில் போட்டு, உடுப்புக்கு நடுவில் வைத்தாலே பெரும்பாலும் போதும். கேபிள் முனை நனைந்தால் நன்றாகக் காயும் வரை செருக வேண்டாம். கேபிளில் குட்டையாக இரண்டு கொண்டுபோங்கள். பவர் பேங்கைவிட முதலில் போவது அதுதான்.

குமணைப் பக்கம் யூலை வெயிலில் பையின் வெளி அறையில் வைக்காதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி விழும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பூச்சியத்துக்குக் கீழே எந்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜ் போடக்கூடாது.

போனைச் சுழியத்துக்கு இறங்கவிடாமல் 20 சதவீதத்திலேயே செருகுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைக்க வேண்டி வந்தால் அந்த 20 இருக்க வேண்டும். முடிந்தால் வீட்டிலுள்ள பழைய பட்டன் போனில் ஒரு சிம் போட்டு அணைத்துப் பையில் வையுங்கள். அணைத்து வைத்தால் பயணம் முழுக்க அதன் சார்ஜ் அப்படியே இருக்கும்.

திரும்பி வந்ததும் பாதி அளவு சார்ஜில் நிழலான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உப்பியிருந்தால் அதற்குப் பிறகு சார்ஜ் போடக்கூடாது, குத்தவும் கூடாது. குப்பைக்கூடையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.