கிட்டீயின் லாகினைக் கீகிளோக்கிடம் ஒப்படைக்க

சொந்த சர்வரில் கிட்டீ (கோடைச் சேமித்துப் பகிரும் கிட் சர்வர்) ஓடுகிறது, கீகிளோக்கும் (பல செயலிகளுக்கும் ஒரே லாகின் தரும் மென்பொருள்) நிறுவியாயிற்று என்றால், இரண்டையும் கோர்ப்பது சின்ன வேலைதான். தொடங்குமுன் கிட்டீயின் லோக்கல் அட்மின் கணக்கில் இன்னொரு பிரவுசரில் லாகின் செய்து அப்படியே விட்டுவையுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கணக்கை நான் அழிக்கமாட்டேன். கீகிளோக் படுத்துவிட்டால் உள்ளே போக அதுதான் வழி.

கீகிளோக்கில் ரெல்ம் என்பது பயனர்களும் செயலிகளும் அடங்கிய தனி வட்டாரம். மாஸ்டர் ரெல்ம் நிர்வாகத்துக்கு மட்டும். அதை விட்டுவிட்டுப் புது ரெல்மில் கிட்டீக்காக ஓபன்ஐடி கனெக்ட் (லாகினை வேறொரு சேவையிடம் விடும் நெறிமுறை) கிளையன்ட் ஒன்றை, அதாவது கிட்டீக்கான பதிவை, உருவாக்குங்கள். கிளையன்ட் ஆதென்டிகேஷனை ஆன் செய்தால்தான் சீக்ரெட் (கிட்டீக்கான ரகசியச் சொல்) இருக்கும் கிரெடென்ஷியல்ஸ் டேப் தெரியும். லாகின் முறைகளில் ஸ்டாண்டர்ட் ஃப்ளோ போதும்.

அடுத்தது ரீடைரக்ட் முகவரி, அதாவது லாகின் முடிந்ததும் கீகிளோக் பிரவுசரைத் திருப்பி அனுப்பும் கிட்டீயின் கால்பேக் முகவரி. தகராறு பெரும்பாலும் இங்கேதான். கிட்டீயில் ஆதென்டிகேஷன் சோர்ஸுக்கு (கீகிளோக்கை லாகின் வழியாகச் சேர்க்கும் அமைப்பு) வைக்கும் பெயர் அப்படியே கால்பேக் முகவரிக்குள் போய் உட்காரும். அதனால் சின்ன எழுத்தில், இடைவெளியில்லாமல் வையுங்கள். பிறகு மாற்றினால் கீகிளோக்கிலும் மாற்ற வேண்டும். கிட்டீ ரிவர்ஸ் பிராக்ஸிக்கு (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) பின்னால் இருந்தால், அதன் ரூட் யூஆர்எல்லில் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரீடைரக்ட் முகவரி தவறு என்று கீகிளோக் வாசலிலேயே திருப்பிவிடும். அந்தப் பிழைப் பக்கத்தின் அட்ரஸ் பாரிலேயே கிட்டீ அனுப்பிய முகவரி இருக்கும். கிளையன்டில் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சலித்துப்போய் நட்சத்திரக் குறி போட்டு எல்லா முகவரியையும் அனுமதிப்பவர்கள் உண்டு. வேண்டாம், லாகினுக்குப் பின் கீகிளோக் தரும் ஆதரைசேஷன் கோட் வேறு இடத்துக்குப் போக நாமே கதவு திறப்பது அது.

ரெல்மின் விவரங்களை ஜேசானாகத் தரும் கீகிளோக்கின் டிஸ்கவரி முகவரியைக் கிட்டீ ஓடும் கன்டெய்னருக்குள்ளிருந்தே கர்ல் கட்டளையால் திறந்து பாருங்கள். அதைப் படிக்கப்போவது கிட்டீ. உங்கள் பிரவுசரில் திறந்தது என்பது எதையும் நிரூபிக்காது. வரும் ஜேசானில் இஷ்யூயராக (லாகின் டோக்கனை வழங்குபவரின் முகவரி) இருப்பது வெளியுலக முகவரியா, கன்டெய்னரின் உள் பெயரா என்றும் கவனியுங்கள். பழைய வழிகாட்டிகளில் ரெல்முக்கு முன்னால் 'ஆத்' என்று ஒரு துண்டு இருக்கும். 2022இல் வந்த கீகிளோக் பதிப்பு 17 முதல் இயல்பாக அது கிடையாது.

ஏற்கெனவே கணக்கு உள்ளவர்களிடம் முதல்முறை பழைய பாஸ்வேர்டைக் கேட்டு இணைப்பதுதான் கிட்டீயின் இயல்பு. அக்கவுன்ட் லிங்கிங்கை ஆட்டோவாக மாற்றினால் கேட்காமலே இணைத்துவிடும். ரெல்மில் யார் வேண்டுமானாலும் தன் மின்னஞ்சலைச் சரிபார்ப்பின்றி மாற்றலாம் என்றால், அடுத்தவர் கணக்குக்குள் நுழைய அது போதும்.

யாராவது வேலையை விட்டுப் போனால் கிட்டீயிலும் கணக்கை முடக்குங்கள். அவருடைய எஸ்எஸ்எச் சாவியும் ஆக்சஸ் டோக்கனும் இருப்பது அங்கே. அவற்றால் கோடைப் புஷ் செய்யும்போது கீகிளோக்கை யாரும் கேட்பதில்லை.